பிஸ்கட் டின்னும் சபை வேனும்: கஷ்டமான வேலைக்குப் பயந்து ஊழியத்துக்குள் ஒளிந்துகொள்கிறேனா?

செந்தூல்_ஏர்கோன் | திங்கள், இரவு 11:42

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு வாரம் யோசித்துவிட்டு இன்றைக்கு எழுதுகிறேன்.

வயது 44. கோலாலம்பூர் செந்தூலில் சொந்தமாக ஏர்கோன் (ஏசி) சர்வீஸ் செய்கிறேன், ரெண்டு பையன்கள் கூட வேலை செய்கிறார்கள். உடம்பு நோகிற வேலைக்கு நான் பின்வாங்கியதில்லை. மத்தியான வெயிலில் பன்னிரண்டாவது மாடி வெளிச்சுவரில் இருக்கிற யூனிட்டைக் கழற்றச் சொன்னாலும் போவேன். எனக்குக் கஷ்டமான வேலை வீட்டில் அலமாரிக்கு மேல் ஒரு சதுரப் பிஸ்கட் டின்னில் இருக்கிறது. 2021, 2022, 2023 மூன்று வருடத்து ரிசீட்டும் பில்லும் அதற்குள் கிடக்கின்றன. மூன்று வருடத்துக்கும் போரங் பி, அதாவது சொந்தத் தொழில் செய்கிறவர்களின் வருமான வரிப் படிவம், அனுப்பவில்லை.

ராத்திரி ஒன்பதரைக்கு மேசையைத் துடைத்து டின்னை இறக்கி வைப்பேன். மேலே இருக்கிற ரிசீட்டில் எழுத்து வெளிறிப் போயிருக்கும். அந்தச் சாமானை எந்தக் கடையில் வாங்கினேன் என்று பார்க்கப் போனை எடுப்பேன், அவ்வளவுதான், முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் யாரோ ஒருவர் பழைய கம்ப்ரெஸரைப் பிரித்து மாட்டுகிற வீடியோவில் இருப்பேன், டின் மூடி திறந்தபடியே இருக்கும்.

போனைப் பற்றி மட்டும் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். அது வீணான நேரம் என்று பார்க்கிறபோதே தெரிகிறது. எனக்குப் பயமாக இருப்பது மற்றது. ஞாயிறு காலையில் பிபிஆர் பிளாட்டில் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசாங்க அடுக்குமாடி) இருக்கிற வயதானவர்களைச் சபை வேனில் ஏற்றி வருவது நான். சவுண்ட் சிஸ்டம் நான். வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்துக்கு வண்டி இல்லாதவர்களைக் கொண்டுபோய் விடுவது, துக்க வீட்டுக்கு நாற்காலி ஏற்றுவது, எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். டின்னைத் திறந்து வைத்திருக்கிற ராத்திரி சபையிலிருந்து போன் வந்தால் மனதுக்குள் ஒரு சந்தோஷம் வருகிறது. சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்த பிறகுதான் எங்கே போக வேண்டும் என்றே கேட்பேன்.

போன மாதம் மனைவி சொன்னாள், சண்டை போடவில்லை, துணி மடித்துக்கொண்டே மெதுவாகத்தான் சொன்னாள்: "நீங்க கர்த்தருக்காக ஓடுறீங்களா, இல்ல அந்த டின்னுக்குப் பயந்து ஓடுறீங்களா?" அன்றையிலிருந்து வேனை எடுக்கிறபோதெல்லாம் இந்தக் கேள்வியும் என்னோடு ஏறிக்கொள்கிறது. ஊழியத்தையே தப்பி ஓடுகிற வழியாக வைத்துக்கொள்ள முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

கெப்போங்_மூப்பர் | செவ்வாய், காலை 6:15

தம்பி, உங்கள் மனைவி உங்கள் நல்லதற்குத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் ஊழியத்தின் மேல் இப்படிச் சந்தேகத்தை வரவிடாதீர்கள். உங்களைப் போல ஒருவர் வேன் ஓட்டாவிட்டால் அந்தப் பிளாட்டில் இருக்கிற கிழவிகள் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வர முடியாது. பரிசுத்தவான்களுக்குச் செய்த அன்பின் பிரயாசத்தை மறந்துவிட தேவன் அநீதியுள்ளவரல்ல என்று எபிரெயர் 6:10 சொல்கிறது. முப்பது வருடமாகச் சபையில் பார்க்கிறேன், முதுகைக் கொடுத்து வேலை செய்கிறவர்கள் பத்து பேர்தான், மற்றவர்கள் உட்கார்ந்து பார்க்கிறவர்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவர் "என் நோக்கம் சுத்தமா" என்று யோசித்து விலகிப்போனால் பாரம் மற்ற ஒன்பது பேர் மேல் விழும்.

உங்கள் பிரச்சனை போன்தான் என்று நினைக்கிறேன். ராத்திரி ஒன்பது மணிக்கு அதை மனைவியிடம் கொடுத்துவிடுங்கள். வரியை உடனே கட்டுங்கள். ரோமர் 13:7 தெளிவாக இருக்கிறது.

குருமடம்_விட்டவன் | செவ்வாய், பகல் 1:20

மூப்பர் ஐயா சொல்வதில் பாதிக்கு நான் ஆமென். மீதிப் பாதியைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள், இது நான் வாழ்ந்து பார்த்த விஷயம்.

நான் கத்தோலிக்கன், பினாங்கில் இருக்கிறேன். இங்குள்ள குருமடம் (குருவாகப் போகிறவர்கள் படிக்கிற இடம்) 1665இல் சயாமின் அயுத்தியாவில் தொடங்கி 1808இல் பினாங்குக்கு வந்தது. அங்கே ரெண்டு வருடம் படித்துவிட்டு வெளியே வந்தவன் நான். படிக்கிற காலத்தில் பாலைவனத் துறவிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்கள். நாலாம் நூற்றாண்டில் எகிப்துப் பாலைவனத்தில் இருந்தவர் எவாக்ரியுஸ், 399இல் இறந்தார். துறவியை அலைக்கழிக்கிற எட்டு எண்ணங்களை அவர் வரிசைப்படுத்தினார். அதில் ஒன்றுக்குக் கிரேக்கத்தில் அக்கேதியா என்று பெயர். பிற்காலத்தில் அதைச் சோம்பல் என்று சுருக்கிவிட்டார்கள். ஆனால் அவர் வர்ணிக்கிற ஆள் சோம்பேறி இல்லை, இருப்புக்கொள்ளாமல் தவிக்கிறவன்.

காலை பத்து மணிக்கு மேல் பகல் ரெண்டு மணி வரைக்கும் அது வருமாம். திருப்பாடல் 91இல் வருகிற நண்பகல் வாதை இதுதான் என்கிறார். சூரியன் நகராமல் நிற்பதுபோல் இருக்கும், பகல் ஐம்பது மணி நேரம் நீளமாகத் தெரியும். துறவி சன்னலைப் பார்ப்பான். வெளியே வந்து, சாப்பாட்டு நேரம் ஆக இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனைப் பார்ப்பான். யாராவது சகோதரர் இந்தப் பக்கம் வரமாட்டாரா என்று தேடுவான். 1600 வருடத்துக்கு முன்னால், கையில் ஒரு கைப்பேசிகூட இல்லாத மனிதன்! அதனால்தான் போனை மனைவியிடம் கொடுப்பது மட்டும் போதாது என்கிறேன் ஐயா. போன் போனால் சன்னல் இருக்கும்.

செந்தூல் அண்ணன் கேட்ட கேள்விக்கு நேரான பதில் காசியானிடம் இருக்கிறது. எகிப்துத் துறவிகளிடம் இருந்து கற்று, பிறகு பிரான்ஸின் மார்செய் பக்கம் போய் மடம் நிறுவினவர் அவர். இந்த வாதை நல்ல வேலையின் வேஷத்திலும் வரும் என்று சொல்கிறார். தூரத்தில் ஒரு நோயாளி இருக்கிறார், போய்ப் பார்ப்பது நல்லதல்லவா? ஆதரவில்லாத ஒரு பெண்மணி இருக்கிறார், அவருக்கு உதவுவது பக்தி அல்லவா? இப்படிச் சொல்லிச் சொல்லி அறையை விட்டு வெளியே கிளப்பிவிடும். நோயாளியைப் பார்ப்பது தப்பு என்று காசியான் சொல்லவில்லை. உட்கார வேண்டிய இடத்தில் உட்கார முடியாமல் எழுந்து போகிறாயே, அதைக் கவனி என்கிறார். அவர் காட்டுகிற மருந்து பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதினது: அமைதியாக இரு, உன் சொந்த அலுவலைப் பார், உன் கையால் வேலை செய்.

குருமடத்தில் எனக்கு முன்னால் கிடந்த கஷ்டமான வேலை, "எனக்கு இந்த அழைத்தல் இருக்கிறதா" என்ற ஒரே கேள்வியோடு தனியாக உட்காருவது. நான் அதைச் செய்யவில்லை. பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசித்தேன், தோட்டம் போட்டேன், மலாய் வழிபாட்டுக்கு மொழிபெயர்த்தேன், எல்லாரும் சுறுசுறுப்பான பையன் என்றார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க ஒரு வாரம் போதுமாக இருந்தது, நான் ரெண்டு வருடம் எடுத்துக்கொண்டேன்.

பாயான்_லெப்பாஸ்_நைட்ஷிப்ட் | செவ்வாய், மாலை 4:05

நான் பாக்டரியில் இஞ்சினியர். பழுதான பொருள் திரும்பி வந்தால் ஏன் பழுதானது என்று ரிப்போர்ட் எழுத வேண்டும். தப்பு என் லைனில் என்று தெரிந்துவிட்டால் அந்த ரிப்போர்ட் மட்டும் நகராது. ஒரு தடவை அந்த ரிப்போர்ட் கெடுவுக்கு முந்தின ராத்திரி மூன்று மணி நேரம் யோனாவின் புத்தகத்தைப் பற்றிப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருந்தேன். நினிவேக்குப் போகச் சொன்னால் யோப்பாவுக்குப் போய், தர்ஷீசுக்குக் கப்பல் பிடித்து, கூலியும் கொடுத்து, அடித்தட்டில் படுத்துத் தூங்கினவர். பிரசங்கம் ஓடிக்கொண்டிருக்கிறது, ரிப்போர்ட் பக்கம் காலியாக இருக்கிறது, நானும் அதே கப்பலில்தான் இருக்கிறேன் என்று அப்போது உறைக்கவே இல்லை.

பட்டர்வொர்த்_அக்கா | செவ்வாய், இரவு 10:30

செந்தூல் தம்பி, உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.

எனக்கு 58 வயது. அம்மாவுக்கு 83, நினைவு போய்விட்டது. பகலில் சமாளித்துவிடலாம். பொழுது சாயும்போதுதான் கஷ்டம், ஐந்தரை ஆறு மணிக்கு மேல் அவருக்குப் பதற்றம் கூடிவிடும். "வீட்டுக்குப் போகணும்" என்பார், இதுதானேம்மா வீடு என்றால் அழுவார், தோட்டத்து லயத்தை, செத்துப்போன பெரியம்மாவைக் கேட்பார். குளிக்கவைக்கப் போனால் அடிப்பார். இந்த நோய் உள்ள பலருக்குச் சாயங்காலம் இப்படி ஆகும் என்று டாக்டர் சொன்னார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஐந்தரைக்குக் கோயிலுக்குக் கிளம்பிவிடுவேன். ஜெபமாலை, திருப்பலி, மரியாயின் சேனை. ஜூலை மாதம் வந்தால் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு நவநாள், ஒன்பது நாளும் தவறாமல் போவேன். அம்மாவை மகளிடம் விட்டுவிட்டு, இயேசுவின் பாட்டியிடம் போய் என் அம்மாவுக்காக மெழுகுவத்தி ஏற்றினேன். மகள் அப்போது பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு நாளும் முகம் கோணவில்லை அவள், அதை நினைத்தால் இன்றைக்கும் தொண்டை அடைக்கிறது.

ஒரு செவ்வாய்க்கிழமை திருப்பலியில் மாற்கு 7 வாசித்தார்கள். அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது கடவுளுக்குக் காணிக்கையாகிவிட்டது, என்று சொல்லிவிட்டுச் செய்யாமல் விடுகிறவர்களைப் பற்றி. எத்தனையோ முறை கேட்ட வாசகம். ஆனால் அன்றைக்கு மணி ஆறேகால். வீட்டில் அந்த நேரத்துக்கு என்ன நடந்துகொண்டிருக்கும் என்று எனக்கு நிமிட வாரியாகத் தெரியும். நற்கருணை வாங்கிய கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இப்போது வாரத்தில் ரெண்டு நாள் காலைத் திருப்பலிக்குப் போகிறேன், காலையில் அம்மா அமைதியாக இருப்பார். சாயங்காலம் வீட்டில்தான். குளிக்கவைக்கும்போது பழைய தமிழ்ப் பாட்டு ஒன்று பாடினால் சில நாள் அடிக்க மாட்டார். சில நாள் அடிப்பார்.

மூப்பர் ஐயாவுக்கு ஒன்று: நான் கோயிலை விட்டு விலகிப்போகவில்லை. போகிற நேரத்தை மாற்றிக்கொண்டேன்.

கெப்போங்_மூப்பர் | புதன், காலை 6:02

அக்கா, நீங்கள் எழுதினதை ரெண்டு முறை படித்தேன். கொர்பான் வசனத்தை நான் எப்போதும் பரிசேயருக்கு எதிராகத்தான் பிரசங்கித்திருக்கிறேன். சபையில் அதிகம் உழைக்கிறவனுக்கு அது பொருந்தும் என்று நினைத்ததில்லை.

ஆனாலும் என் கவலை மாறவில்லை. இதைப் படித்துவிட்டு ஏற்கெனவே ஒன்றும் செய்யாதவர், "நான் என் சொந்த அலுவலைப் பார்க்கிறேன்" என்று இன்னும் சாய்ந்து உட்காருவார். அவரும் ஒளிந்துகொள்கிறவர்தான். மத்தேயு 21இல் "போகிறேன் ஐயா" என்று சொல்லிவிட்டுத் திராட்சத்தோட்டத்துக்குப் போகாத மகனைப் போல.

குருமடம்_விட்டவன் | புதன், காலை 8:40

உண்மைதான் ஐயா. ஒருவனுக்குத் தோட்டம் கஷ்டம், இன்னொருவனுக்கு வீடு கஷ்டம். எது கஷ்டம் என்று அவனவனுக்குத்தான் தெரியும். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் தெரிவார்கள்.

அம்பாங்_டீச்சர் | புதன், பகல் 2:50

ஆவிக்குரிய விளக்கத்தோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சிலருக்கு இந்த உரையாடல் பாரமாகிவிடும். எனக்கு 36 வயதில்தான் கவனக்குறைபாடு (ADHD) இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதுவரைக்கும் நான் ஒவ்வொரு உபவாச ஜெபத்திலும் சோம்பல் என்ற பாவத்துக்காக அழுதவள். அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டி டாக்டரைப் பார்த்து, கடிதம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போனேன். மாத்திரை சாப்பிடுகிறேன், ஜெபமும் செய்கிறேன். முதலாம் வகுப்பிலிருந்தே எல்லா வேலையிலும் இப்படி என்றால், பிடித்த வேலையில்கூட இப்படி என்றால், ஒரு டாக்டரைப் பாருங்கள். மனச்சோர்விலும் இப்படி ஆகும்.

செந்தூல் அண்ணனுக்கு அப்படித் தெரியவில்லை, அவருக்கு ஒரே ஒரு டின்தான் முடியவில்லை. சிரோயிஸ், பிச்சில் என்ற ரெண்டு மனோதத்துவ ஆய்வாளர்கள் 2013இல் எழுதினார்கள்: தள்ளிப்போடுகிறவன் நேரத்தைக் கணக்குப் போடத் தெரியாதவன் அல்ல, அந்த வேலையை நினைத்தவுடன் வருகிற கெட்ட உணர்விலிருந்து உடனே விடுபடப் பார்க்கிறவன் என்று. அதனால் ஒன்று கேட்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம் அண்ணன். டின்னைத் திறந்தால் என்ன உணர்வு வருகிறது? சலிப்பா, வேறு ஏதாவதா?

கணக்கு_செராஸ் | புதன், இரவு 9:15

நான் கணக்கு அலுவலகத்தில் பல வருடம் இருந்தவள், அதனால் டின்னைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

தம்பி, பழைய வருடத்தில் தொடங்குங்கள், 2021. வெளிறிய ரிசீட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்க வேண்டாம். வங்கி ஸ்டேட்மெண்ட் எடுத்தால் பாதிக் கதை அதில் இருக்கும், சாமான் வாங்கிய கடைகளில் உங்கள் கணக்கின் நகல் கேட்டால் கொடுப்பார்கள். ஒரு ராத்திரிக்கு ஒரு மாதம். 36 ராத்திரி. வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். வேனுக்குப் போட்ட பெட்ரோலை வியாபாரச் செலவில் சேர்க்காதீர்கள், சபைக்குப் போனது வியாபாரம் இல்லை. காணிக்கைக்குக் கழிவு வேண்டும் என்றால் வரி வாரியம் அங்கீகரித்த அமைப்பாக இருந்து, அதற்குரிய ரிசீட்டும் இருக்க வேண்டும்.

போரங் பி கெடு ஜூன் 30, இணையத்தில் அனுப்பினால் ஜூலை 15 வரை அவகாசம் தருகிறார்கள். உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது. நேரத்தில் கட்டாத வரிக்கு 10 விழுக்காடு கூடும், போரங் அனுப்பாததற்குத் தனியாக அபராதம் உண்டு. அவர்கள் கடிதம் போடும் முன் நீங்களாகப் போவது நல்லது. மொத்தமாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்கலாம், கேட்டவர்களுக்குக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். எல்லாம் முடிந்ததும் அந்த டின்னைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஆவணங்களை ஏழு வருடம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம்.

செந்தூல்_ஏர்கோன் | அடுத்த வாரம் சனி, இரவு 10:55

எல்லாருக்கும் நன்றி. பத்து நாளாகப் பதில் போடாததற்கு மன்னிக்கவும். டீச்சர் கேட்ட கேள்விதான் காரணம்.

அன்று ராத்திரி போனை மனைவியிடம் கொடுத்துவிட்டு (மூப்பர் ஐயா சொன்னதும் வீண் போகவில்லை) டின்னைத் திறந்தேன். கணக்கு அக்கா சொன்னபடி 2021 ஜனவரி. மூன்று நாளில் மே மாதம் வந்தேன். அங்கே நின்றுவிட்டேன். என்ன இருக்கிறது என்று எனக்கு முன்னாலேயே தெரியும். மூன்று வருடமாக அந்த டின்னில் நான் பயந்தது வரிக்கு இல்லை.

2021 மே கடைசியில் ஜின்ஜாங்கில் ஒரு சீனப் பாட்டி, தனியாக இருப்பவர், ரெண்டு புது ஏர்கோன் மாட்டச் சொல்லி 600 ரிங்கிட் முன்பணம் கொடுத்தார். ஜூன் 1 அன்று கோவிட்டுக்காக நாடு முழுக்க மறுபடியும் மூடினார்கள். வேலை இல்லை, ரெண்டு பையன்களுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும், அந்தப் பணத்தை எடுத்துச் செலவு செய்துவிட்டேன். திறந்த பிறகு அவர் ரெண்டு முறை கூப்பிட்டார், அடுத்த வாரம் வருகிறேன் என்றேன். பிறகு அவர் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை. ரிசீட் நகலில் என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது, மற்றதெல்லாம் வெளிறியும் கார்பன் எழுத்து வெளிறவில்லை.

அதே வருடம்தான் சபை வேனை நானாகக் கேட்டு வாங்கினேன். பட்டர்வொர்த் அக்கா, நீங்கள் எழுதினதைப் படித்தபோது பணத்தைச் செலவு செய்த மாதத்தையும் வேனைக் கேட்ட மாதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

மத்தேயு 5இல் காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இருக்கிறதே, அதை மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். அவள் 600 ரிங்கிட்டை எண்ணிக் கவரில் போட்டுக் கொடுத்தாள். போதகரிடம் ஞாயிற்றுக்கிழமையே உண்மையைச் சொல்லி, ரெண்டு மாதத்துக்கு வேன் சாவியைக் கொடுத்துவிட்டேன். இளைஞர் குழுவில் லைசென்ஸ் உள்ள ஒரு பையன் ஓட்டுகிறான். பிளாட்டுக் கிழவிகள் யாரும் வீட்டில் தங்கவில்லை, ஐயா.

இன்று காலை ஜின்ஜாங் போனேன். ரோட்டு முனையில் இருபது நிமிடம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த நேரத்தில் ஒரு வாடிக்கையாளருக்குப் போன் செய்யலாமா, டயருக்குக் காற்று அடிக்கலாமா என்றெல்லாம் மனம் தேடியது. குருமடம் அண்ணன் சொன்ன சன்னல் அதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

பாட்டி கேட்டைத் திறந்து என்னைப் பார்த்தார், அடையாளம் தெரிந்தது அவருக்கு. நான் மலாயில் நடந்ததைச் சொன்னேன், மூடினபோது செலவு செய்தேன், பிறகு வெட்கத்தில் வரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று. அவர் கவரை வாங்கி, பணத்தை ரெண்டு முறை எண்ணினார். பரவாயில்லை என்றும் சொல்லவில்லை, திட்டவும் இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பின்னறைக்கு வா என்றார். அங்கே பழைய ஏர்கோன் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது, கீழே ஒரு வாளி, சுற்றிலும் தரை உப்பிப் போயிருந்தது. எத்தனை நாளாக என்றேன். ரொம்ப நாள், தினமும் காலையில் வாளியைக் கொட்டுகிறேன் என்றார். கழிவுநீர்ப் பைப் அடைத்திருந்தது. இருபது நிமிட வேலை. நான் ஏணியிலிருந்து இறங்குகிறபோது வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார். காசு வாங்க மாட்டேன் என்றேன், சட்டைப் பையில் 50 ரிங்கிட்டைச் செருகிவிட்டார், மறுக்க முடியவில்லை.

டின்னில் இன்னும் ஜூன் தொடங்கி இருக்கிறது. இன்றைக்கு எட்டு ரிசீட் எழுதிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

கணக்கு அக்கா, ஒரு சந்தேகம்: அந்த 600ஐ 2021 வரவில் எழுத வேண்டுமா, திருப்பிக் கொடுத்ததை எங்கே காட்டுவது? இன்றைக்கு வாங்கின 50ஐயும் எழுத வேண்டும்தானே?

கணக்கு_செராஸ் | சனி, இரவு 11:20

50ஐ இந்த வருடத்து வரவில் எழுதுங்கள், சர்வீஸ் கூலிதான் அது. 600ஐப் பற்றி நாளைக்கு ஆராதனை முடிந்து கூப்பிடுகிறேன், அந்த ரிசீட் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுத்ததற்குப் பாட்டியிடம் கையெழுத்து வாங்கினீர்களா, தம்பி?

செந்தூல்_ஏர்கோன் | சனி, இரவு 11:24

இல்லை அக்கா. திங்கட்கிழமை போய் வாங்கி வருகிறேன்.